மனநல வார்டில் அண்ணனுக்கு 96 மார்க் போட்டார்கள், இப்போது 63. மருந்து வேலை செய்கிறதா?

உங்கள் அண்ணனைப் பெங்களூரில் சேர்த்து மூன்று வாரம் ஆகிறது, ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எதுவும் வைத்துச் சொல்லவில்லை, என்னவோ கேள்வி கேட்டு 96 என்றார்கள், இப்போது 63 என்கிறார்கள், மூன்றில் ஒரு பங்குதானே குறைந்திருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் இதே ஊரில் பதினோரு வருடமாக மனநல வார்டு நர்ஸ்.

முதலில் கணக்கு. அது பெரும்பாலும் பான்ஸ் (PANSS) அளவுகோலாக இருக்கும், மனச்சிதைவு நோய் எவ்வளவு கடுமையாக இருக்கிறது என்று அளப்பது, 1987ல் வெளிவந்தது. 30 விஷயங்களைப் பார்த்து ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை போடுவார்கள், 1 என்றால் அந்தத் தொந்தரவு இல்லை என்று அர்த்தம். ஆக, ஒரு குறையும் இல்லாத ஆளுக்கும் 30 வந்துவிடும். இரண்டிலும் 30ஐக் கழித்துப் பாருங்கள்: 66 இருந்தது 33 ஆகியிருக்கிறது. சரிபாதி. மூன்று வாரத்துக்கு இது நல்ல மாற்றம், தைரியமாக இருங்கள்.

ஆனால் அந்த மார்க் எங்கிருந்து வருகிறது என்பதுதான் முக்கியம். டாக்டர் அரை மணி, முக்கால் மணி நேரம் உட்கார்ந்து பேசுவார், அது போக, கடந்த ஒரு வாரம் எப்படி இருந்தார் என்று எங்களையும் வீட்டாரையும் கேட்பார். "குரல் எல்லாம் ஒண்ணும் கேக்கலைங்க" என்று பகலில் டாக்டரிடம் சொன்ன ஒருவர், ராத்திரி இரண்டு மணிக்கு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, நடுநடுவே நிறுத்தி, பதில் கேட்டுக்கொண்டு மறுபடி பேசியதை நைட் ஷிப்டில் நின்று பார்த்திருக்கிறேன். அதைக் கேஸ் ஷீட்டில் எழுதாவிட்டால் அவருடைய மார்க் பொய்யாகிவிடும். இதற்காகவே நர்ஸ்கள் போடும் நோசி என்ற அளவுகோல் 1965லேயே வந்துவிட்டது. கடைசி மூன்று நாளில் உடையைச் சுத்தமாக வைத்துக்கொண்டாரா, சாப்பாட்டைச் சிந்தினாரா, எழுப்பாவிட்டால் தூங்கிக்கொண்டே இருந்தாரா என்று பார்ப்போம்.

அப்புறம் மொழி. முன்பு நான் வேலை செய்த இடத்தில் கோலார் தங்கவயல் பக்கத்துப் பெரியவர் ஒருவர் சேர்ந்திருந்தார், அவருக்குக் கன்னடம் சுமார்தான். பான்ஸில் பழமொழிக்குப் பொருள் கேட்கும் இடம் ஒன்று உண்டு, சொல்லைத் தாண்டி யோசிக்க முடிகிறதா என்று பார்க்க. வெளி மாநிலத்திலிருந்து வந்த இளம் டாக்டர் ஆங்கிலப் பழமொழி ஒன்றைத் தட்டுத்தடுமாறிக் கன்னடத்தில் கேட்டார். பெரியவர் விழித்தார், 6 விழுந்தது. எனக்கு மனசு ஆறவில்லை. மறுநாள் அனுமதி வாங்கி, "அய்யா, ஆழம் தெரியாம காலை விடாதேன்னு சொல்றாங்களே, அது என்ன?" என்றேன். போர்வையை ஒதுக்கி நிமிர்ந்து உட்கார்ந்தார். "யாரு என்னன்னு விசாரிக்காம ஜாமீன் கையெழுத்துப் போடக்கூடாதும்மா. நான் போட்டேன்."

மார்க்கை 2 என்று திருத்தினார்கள்.

அதனால் அண்ணனிடம் எந்த மொழியில் பேசி 63 போட்டார்கள் என்று கேளுங்கள், கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. மொத்தத்தோடு நிற்காமல் பிரித்தும் கேளுங்கள்: குரல் கேட்பது, சந்தேகம் மாதிரியானவை 7, ஒதுங்கிப்போவது, உணர்ச்சி மங்குவது மாதிரியானவை 7, பொதுவானவை 16. முதல் ஏழுதான் சீக்கிரம் இறங்கும். சத்தம் போடாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பவரை "குணமாகிவிட்டார்" என்று வீட்டார் நினைத்துக்கொள்கிறார்கள், அது மருந்தின் மயக்கமாக இருக்கலாம், இரண்டாவது ஏழு அப்படியே இருக்கிறது என்பதாகவும் இருக்கலாம்.

உடம்பு சரியில்லாமல் போவதற்கு முன் அவர் எப்படி இருப்பார், யாரிடம் எவ்வளவு பேசுவார், தானாகக் குளிப்பாரா என்பதெல்லாம் எங்களுக்குத் தெரியாது, உங்களுக்குத்தான் தெரியும். அடுத்து என்றைக்கு மார்க் போடுகிறார்கள் என்று கேட்டு வைத்துக்கொண்டு, அன்றைக்கு வீட்டிலிருந்து ஒருவராவது வார்டில் இருங்கள்.