ஹயசிந்த் இலைக்குள்ளேயே பூத்துவிட்டால்… வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: தொட்டியில் வைத்த ஹயசிந்த் (கிழங்கிலிருந்து வளரும் மணமுள்ள பூச்செடி) தண்டே விடாமல், கிழங்கின் கழுத்தை ஒட்டி இலைகளுக்கு நடுவிலேயே பூத்துவிட்டது. மணம் வருகிறது, பூங்கொத்து மட்டும் மேலே வரவில்லை. என்ன உரம் போடலாம்?

பதில்: உரத்தால் ஆகிற காரியம் இல்லை. நீங்கள் கிழங்கை வாங்கும்போதே பூ உள்ளே உருவாகி முடிந்திருக்கும். வீணாய்ப் போன கிழங்கு ஒன்று இருந்தால் நெட்டுவாக்கில் இரண்டாக வெட்டிப் பாருங்கள். சதைப்பற்றான மடல்களுக்கு நடுவே, வேர் விடும் அடிப்பகுதியான அடித்தட்டின் மேல், பிஞ்சுச் சோளக்கதிர் போல மொட்டுக் கூட்டம் நிற்பது தெரியும். கோடையில் கிழங்கு இலையின்றிச் சும்மா கிடந்த நாட்களில் உருவானது அது. அதைத் தாங்கி உயர்த்த வேண்டிய தண்டுதான் பாக்கி. தண்டு நீளக் குளிர் வேண்டும்: 9 டிகிரி செல்சியஸுக்குக் குறைவாக, 10 முதல் 14 வாரம். அது கிடைக்காவிட்டால் மொட்டுகள் இருந்த இடத்திலேயே விரியும்.

குளிர் போதிய அளவு கிடைத்தும் சிலருக்கு இப்படி ஆகிறது. வேர் பிடிக்குமுன் சூடான அறைக்குக் கொண்டுவருவதே காரணம். சூட்டில் இலையும் மொட்டும் வேகமாகத் தண்ணீர் கேட்கும், அரைகுறை வேரால் கொடுக்க முடியாது. தண்டு குட்டையாக நின்றுவிடும், நுனி மொட்டுகள் பழுப்பாகிக் காயும். குருத்து லேசாகத் தலைகாட்டியதும் ஜன்னலோரம் வைக்கத் தோன்றும். அங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். தொட்டியின் அடித் துளையில் வெள்ளை வேர் எட்டிப் பார்க்கிறதா என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

இந்த முறை மொட்டு இன்னும் நிறம் காட்டவில்லை என்றால் ஒன்று செய்து பார்க்கலாம். கெட்டியான தாளைக் கூம்பாகச் சுருட்டி, நுனியில் சிறு ஓட்டை விட்டு, குருத்தின் மேல் கவிழ்த்து, குளிர்ச்சியான இடத்தில் ஒரு வாரம் வையுங்கள். வெளிச்சம் தேடித் தண்டு கொஞ்சம் நீளும். பூ விரிந்துவிட்டிருந்தால் அப்படியே விட்டுவிடுங்கள்.

கேள்வி: எங்கள் பகுதியில் குளிர்காலமே கிடையாது. பிரிட்ஜில் வைத்தால் போதுமா?

பதில்: போதும். காய்கறி வைக்கும் கீழ்த்தட்டில், காற்றுப் புகும் காகிதப் பையில் வையுங்கள். உறைய வைக்கும் பெட்டியில் வைத்தால் கிழங்கு செத்துவிடும். பிளாஸ்டிக் பையில் ஈரம் கோத்துப் பூஞ்சணம் பிடிக்கும். இவற்றைவிட முக்கியமான ஒன்று: அதே பிரிட்ஜில் ஆப்பிள், வாழைப்பழம், தக்காளி இருக்கக் கூடாது. பழுக்கும் பழம் விடும் எத்திலீன் வாயு கிழங்குக்குள் இருக்கும் மொட்டைக் கொன்றுவிடும். வெளியே பார்த்தால் கிழங்கு கல்லுப் போல நன்றாகவே இருக்கும், நட்டபின் வெறும் இலைதான் வரும்.

சாதாரணக் கிழங்குக்கு 12 முதல் 14 வாரம் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ‘பதப்படுத்தியது’ என்று விற்கப்படும் கிழங்குக்கு 10 வாரம் போதும். அதைச் சீக்கிரமே தோண்டி, வெப்பம் கட்டுப்படுத்திய அறையில் வைத்து, மொட்டு உருவாவதை முந்தச் செய்திருப்பார்கள். அதற்காகக் குளிரே வேண்டாம் என்று நினைத்துவிடாதீர்கள்.

பையில் உலர்வாகக் குளிர்ந்த கிழங்குக்கு வேர் இருக்காது. நட்டபின் வேர் பிடிக்கும்வரை வீட்டிலேயே ஆகக் குளிர்ச்சியான, இருட்டான மூலையில் வையுங்கள். பிரிட்ஜில் இடம் இருந்தால் தொட்டியில் நட்டு, தொட்டியோடு உள்ளே வைப்பதே மேல்.

கேள்வி: தொட்டியில் எத்தனை கிழங்கு, எவ்வளவு ஆழம், என்ன மண்?

பதில்: 15 செ.மீ. அகலத் தொட்டிக்கு மூன்று, 10 செ.மீ. தொட்டிக்கு ஒன்று. ஒன்றையொன்று தொடக் கூடாது, தொட்டிச் சுவரையும் தொடக் கூடாது. இரண்டு பங்கு தொட்டிக் கலவையோடு ஒரு பங்கு பருமணலோ பெர்லைட்டோ (லேசான வெள்ளைக் குருணை) சேர்த்தால் தண்ணீர் தேங்காது. வீட்டுக்குள் வைக்கும் தொட்டியில் கிழங்கின் மூக்கு, அதாவது மேல் நுனி, மண்ணுக்கு மேல் தெரிய வேண்டும்.

நடும்போது கிழங்கை மண்ணில் திருகி அழுத்தாதீர்கள். அடி மண் இறுகிவிட்டால் வேர் இறங்க வழியில்லாமல் கிழங்கையே மேலே தூக்கிவிடும். ஒருமுறை தண்ணீர் ஊற்றி, முழுக்க வடியவிட்டு, இருட்டில் வையுங்கள். பிறகு மேல்மண் காய்ந்தால் மட்டும் தண்ணீர்.

குருத்து 4–5 செ.மீ. வந்து, துளையில் வேரும் தெரிந்த பிறகு, 10–15 டிகிரி உள்ள மங்கலான இடத்தில் ஒரு வாரம். வெளிறிய மஞ்சள் குருத்து அங்கே பச்சையாகும். அதன்பின் நல்ல வெளிச்சத்துக்கு மாற்றலாம், அறை 18 டிகிரியைத் தாண்டாமல் இருந்தால் நல்லது. தினமும் தொட்டியைக் கால்வட்டம் திருப்புங்கள், இல்லாவிட்டால் தண்டு ஜன்னல் பக்கம் சாயும். சுமார் மூன்று வாரத்தில் பூ.

கேள்வி: தோட்டத்தில் நட்டால் பூத்த கையோடு சாய்ந்துவிடுகிறது. மழைக்குப் பிறகு கிழங்கும் அழுகுகிறது.

பதில்: சாய்வதற்குக் காரணம் பெரும்பாலும் மிகப் பெரிய கிழங்கு வாங்கியதுதான். பொட்டலத்தில் போட்டிருக்கும் எண் கிழங்கின் சுற்றளவு, செ.மீ. கணக்கில், குறுக்களவு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 18/19 அளவு வீட்டுக்குள் வளர்க்க ஏற்றது. அதில் வரும் கனத்த கொத்து வெளியே காற்று மழைக்கு நிற்காது. பாத்திக்கு 15/16 எடுங்கள், கொத்து சற்றுச் சிறியது, தண்டு நிமிர்ந்து நிற்கும்.

அழுகலுக்கு வடிகால்தான் காரணம். இச்செடியின் பூர்வீகம் துருக்கி, சிரியா, லெபனான் பக்கத்துக் கல் சரிவுகள். குளிர்காலத்தில் ஈரம் வரும், ஆனால் நிற்காது. கோடை முழுக்க வறட்சி. களிமண் தோட்டமானால் 15–20 செ.மீ. மேட்டுப்பாத்தி போட்டு, மணலும் மக்கிய உரமும் கலந்து நடுங்கள். பச்சைச் சாணம் வேண்டவே வேண்டாம்.

இலையுதிர் காலத்தில், நிலம் உறைவதற்கு ஆறு வாரமாவது முன்பு, கிழங்கின் அடி 15 செ.மீ. ஆழத்தில் இருக்கும்படி, 10–15 செ.மீ. இடைவெளியில் நட வேண்டும். ஒரே பாத்தியில் ஆழம் மாறினால் பூக்கும் நாளும் மாறும், பாத்தி பாதி பூத்தும் பாதி மொட்டுமாக நிற்கும். அழுகி நாற்றமடிக்கும் கிழங்கைச் சுற்றியுள்ள மண்ணோடு அள்ளி எறியுங்கள், உரக்குழியில் போடாதீர்கள்.

கேள்வி: கண்ணாடிக் குடுவையில் தண்ணீர் எவ்வளவு இருக்க வேண்டும்?

பதில்: கிழங்கின் அடியைத் தொடாமல், அரை செ.மீ. கீழே. ஈரக் காற்றே வேரை இழுத்துவிடும், தண்ணீர் தொட்டால் அடித்தட்டு அழுகும். வேர் 10 செ.மீ. இறங்கும்வரை குளிரும் இருட்டும். குறையும் தண்ணீரை நிரப்பி வந்தால் போதும், கலங்கினால் மாற்றுங்கள். இப்படிப் பூத்த கிழங்கு சத்தெல்லாம் தீர்ந்து போயிருக்கும், மறுபடி பூக்க வைக்க மெனக்கெடாதீர்கள்.

கேள்வி: மணத்துக்கு எந்த ரகம்? பூ நாலு நாளில் வாடிவிடுகிறதே?

பதில்: நீலத்தில் 1944இல் வந்த ‘டெல்ஃப்ட் ப்ளூ’, இளஞ்சிவப்பில் 1922இன் ‘பிங்க் பேர்ல்’, வெள்ளையில் ‘கார்னகி’. மூன்றும் தாராளமாக மணக்கும். 1893இலிருந்து இருக்கும் மஞ்சள் ‘சிட்டி ஆஃப் ஹார்லெம்’ சற்று மென்மையான மணம். தலைவலி வருகிறவர்களுக்கு அதுவே உத்தமம்.

வாடுவது சூட்டினால். பூ விரிந்ததும் வெயில் படாத இடத்துக்கு மாற்றி, இரவில் குளிர்ச்சியான அறையில் வைத்தால் இரண்டு வாரம் வரை நிற்கும்.

கேள்வி: கிழங்கைத் தொட்டால் கை அரிக்கிறது.

பதில்: அதில் ஊசி வடிவக் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் உண்டு. கையுறை போடுங்கள், கிழங்கை லேசாக நனைத்துவிட்டுக் கையாண்டால் தூள் பறக்காது. நாய், பூனை தின்றால் நஞ்சு.

கேள்வி: பூத்து முடிந்த கிழங்கை என்ன செய்வது? ஒன்றைப் பலவாக்க முடியுமா?

பதில்: மண்ணில் வளர்ந்ததானால் பூத்தண்டை மட்டும் வெட்டுங்கள். இலை தானாக மஞ்சளாகும்வரை தண்ணீரும், கொஞ்சம் பொட்டாஷ் உரமும் கொடுங்கள். அடுத்த ஆண்டுப் பூவைக் கட்டுவது அந்த இலைதான். கொத்தில் பூக்கள் குறைந்து, இடைவெளி விட்டு வரும். எங்களுக்கு அந்த நெருக்கமில்லாத கொத்துதான் அழகாகப் படுகிறது.

தானாகக் குட்டி போடுவது மெதுவாகத்தான் நடக்கும். கோடையில் ஓய்விலிருக்கும் பெரிய கிழங்கைக் கவிழ்த்து, சுத்தமான கத்தியால் அடித்தட்டைத் தாண்டி, கிழங்கின் பாதி உயரத்துக்கும் குறைவான ஆழத்தில், நட்சத்திரமாக மூன்று வெட்டுப் போடுங்கள். பூஞ்சணக்கொல்லித் தூள் தூவி, உலர்ந்த மணல் மேல் அடி மேலே பார்க்க வைத்து, 20 டிகிரிக்கு மேல் வெதுவெதுப்பான இருட்டில் விட்டுவிடுங்கள். இரண்டு மூன்று மாதத்தில் வெட்டு விளிம்புகளில் அரிசி அரிசியாகக் குட்டிகள் முளைக்கும். தாய்க் கிழங்கைப் பிரிக்காமல், அதே கவிழ்ந்த நிலையில், குட்டிகள் மூடும் அளவுக்கு மட்டும் மண் போட்டு நட வேண்டும். அவை பூக்க மூன்று, நான்கு ஆண்டாகும். அதுவரை ஒவ்வொரு குளிர்காலமும் அவற்றுக்கும் குளிர் வேண்டும்.