பையனைத் தின்பது வயிற்றுவலி அல்ல

"அப்பாவின் ஏமாற்றுப் புத்தி ரத்தத்திலேயே பையனுக்கும் வந்துவிட்டதா?" என்று கேட்டு எழுதியிருக்கிறீர்கள். இல்லையம்மா, ஏமாற்றுவது ரத்தத்தில் வருவதில்லை. பரம்பரையாகச் சுபாவத்தில் கொஞ்சம் வரலாம். ஊரை ஏமாற்றுவதற்கென்று தனியாக ஒரு ஜீன் கிடையாது. அப்படி ஒன்று இருப்பதாகச் செல்போனில் படித்துவிட்டு, 11 வயதுப் பையனைச் சந்தேகத்தோடு பார்ப்பதை இன்றோடு விடுங்கள்.

சிங்கப்பூர் வேலை என்று சொல்லி மன்னார்குடிப் பக்கம் பலரிடம் பணம் வாங்கிவிட்டுத் தலைமறைவானவர் உங்கள் கணவர். பையன் பள்ளியில் பொய் சொல்கிறான் என்று அடித்திருக்கிறீர்கள். பணம் கேட்டு வந்தவர்களிடம் "அப்பா ஊர்ல இல்ல" என்று சொல்ல அவனைத்தானே வாசலுக்கு அனுப்பினார்கள்? பெரியவர்கள் பழக்கியதற்கு அவனை அடிக்காதீர்கள். இனி வாசலுக்கு நீங்கள் போங்கள்.

அவன் நகம் கடிப்பதைப் பெரிதுபடுத்தாதீர்கள். வயிற்றுவலி நடிப்பல்ல, பயத்திலும் நிஜமாகவே வலிக்கும். எடை குறைந்தாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ உடனே காட்டுங்கள். தூங்கவைக்க மெடிக்கலில் வாங்கிய சளி சிரப்பைக் கொடுக்கிறீர்களே, அதை நிறுத்துங்கள். யாரைக் கேட்டுக் கொடுத்தீர்கள்? அது மயக்கத்தைத் தரும், பயத்தைப் போக்காது.

எனக்குக் கவலை தந்தது கடிதத்தின் கடைசி வரி. அப்பா வாங்கித் தந்த சைக்கிளைச் சாக்குப் போட்டு மூடிவிட்டு, "என் ஃபீஸுக்காகத்தான் அப்பா பணம் வாங்கினாரு, நான் இல்லாம போயிட்டா எல்லாம் சரியாயிடும்" என்றானாம். சின்னப்பிள்ளைப் பேச்சு என்று எழுதியிருக்கிறீர்கள். இல்லவே இல்லை. அப்பா பட்ட கடனை அவன் தன் தலையில் போட்டுக்கொண்டிருக்கிறான்.

இன்றே பக்கத்தில் உட்கார்ந்து, "செத்துப்போகணும்னு தோணுதா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமாம் என்றால் அதட்டாதீர்கள், அழவைத்துச் சத்தியம் வாங்காதீர்கள். தனியே விடாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். இல்லை என்றாலும் இந்த வாரமே திருவாரூர் அல்லது தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். ராத்திரியில் பயமாக இருந்தால் 14416 என்ற மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை. குழந்தைகளுக்கான உதவி எண் 1098.

அப்புறம், நம் பகுதி வீடுகளில் சம்பாப் பயிருக்குத் தெளித்த மிச்சப் பூச்சிமருந்து கொல்லையிலோ பத்தாயத்துக்குப் பின்னாலோ கிடக்கும். அதையும் எலி மருந்தையும் இன்றே வீட்டைவிட்டு அப்புறப்படுத்துங்கள். ஒளித்துவைத்தால் போதாது.

அவனிடம் சொல்லுங்கள்: "அப்பா செஞ்சது தப்பு. அதுக்கு நீ காரணமில்ல. அப்பா மேல உனக்குப் பிரியம் இருந்தா அதுல தப்பே இல்ல." ஒரு தடவை சொன்னால் மனதில் ஏறாது, பல தடவை சொல்லுங்கள்.

"யார் வந்தாங்க, என்ன கேட்டாங்க?" என்று உங்கள் கணவர் பையனிடம் போனில் விசாரிப்பதை நிறுத்தியே ஆகவேண்டும். பேசுவதென்றால் நீங்கள் பக்கத்தில் இருங்கள். படிப்பு, சாப்பாடு பற்றி மட்டும் பேசட்டும். வேறு எதையாவது ஆரம்பித்தால் போனை வாங்கி நீங்களே பதில் சொல்லுங்கள்.