குழந்தைக்கு முதலில் காட்ட வேண்டியது புழுவை

கேள்வி: என் மகனுக்கு ஐந்து வயது. பட்டாம்பூச்சியைக் கண்டால் துரத்துகிறான், அந்துப்பூச்சியைக் கண்டால் அலறுகிறான். இவற்றை அவனுக்கு எப்படி அறிமுகப்படுத்துவது? இதற்கென்று ஏதாவது வாங்கிக் கொடுக்க வேண்டுமா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஒன்றும் வாங்க வேண்டாம். நான் வாங்கிப் பார்த்துவிட்டேன். என் மகளுக்கு ஐந்து வயது இருக்கும்போது படம் போட்ட அட்டை, பூதக்கண்ணாடி, நீளக் கைப்பிடி வைத்த வலை எல்லாம் வீட்டுக்கு வந்து இறங்கின. அட்டையில் இருந்த பெயர்களை இரண்டு நாள் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்தாள். வலையைத் தூக்கிக்கொண்டு பத்து நிமிடம் ஓடினாள், ஒன்றும் சிக்கவில்லை, வலை பரணுக்குப் போனது. பட்டாம்பூச்சியைக் காட்டுவதில் உள்ள சிக்கலே அதுதான், அது நிற்பதில்லை. "அதோ, அதோ" என்று நாம் கையை நீட்டி முடிப்பதற்குள் போய்விடும். குழந்தை பார்ப்பது நம் விரலைத்தான்.

நிற்பது புழு. அதனால் புழுவிலிருந்து தொடங்குங்கள் என்பது என் கட்சி.

எங்களுக்கு இது தற்செயலாக அமைந்தது. தொட்டியில் இருந்த எலுமிச்சைச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். ஓர் இலைமேல் கறுப்பும் வெள்ளையுமாகப் பறவை எச்சம் ஒட்டியிருந்தது. கழுவிவிடலாம் என்று தண்ணீரைத் திருப்பினேன். "அம்மா, எச்சம் நகருதும்மா!" என்று கத்தினாள் மகள். குனிந்து பார்த்தால் புழு. எலுமிச்சை வகைச் செடிகளில் முட்டையிடும் பட்டாம்பூச்சிகள் சிலவற்றின் புழுக்கள் சின்ன வயதில் இந்த எச்ச வேடத்தில்தான் இருக்கும். எச்சத்தை எந்தப் பறவை கொத்தித் தின்னும்? கடைசியாகத் தோலுரித்த பிறகு வேடத்தை மாற்றி இலைப்பச்சை ஆகிவிடும். அப்போது ஒரு புல்லால் மெல்லச் சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து கவட்டை மாதிரி ஒரு கொம்பை வெளியே நீட்டும், கூடவே மூக்கைத் துளைக்கும் ஒரு நெடி. மகளுக்கு அன்று முழுவதும் வேறு பேச்சே இல்லை. (ஒருமுறை சீண்டினால் போதும் என்று சொல்லி வையுங்கள். எங்கள் வீட்டில் அதைச் சொல்லத் தாமதமானது, பாவம் அந்தப் புழு.)

வளர்ப்பது எளிது, ஆனால் நான் செய்த தவறுகளை நீங்கள் செய்ய வேண்டாம். புழு எந்தச் செடியில் இருந்ததோ அந்தச் செடியின் இலையைத்தான் தின்னும். பசிக்கட்டும், வேறு இலையைத் தின்னும் என்று நினைத்தால் பட்டினி கிடந்து சாகும். எருக்கில் இருந்ததற்கு எருக்கு, எலுமிச்சையில் இருந்ததற்கு எலுமிச்சை. புழுவைத் தேடிப் போவதைவிட அதன் செடியைத் தேடிப் போவதுதான் சுலபம், இலையில் கடித்த ஓட்டை இருந்தால் அடிப்பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். இலை வாடாமல் இருக்கத் தண்ணீர்க் குப்பியில் காம்பை வைப்போம் அல்லவா, அந்தக் குப்பியின் வாயைப் பஞ்சால் அடைத்துவிட வேண்டும். நான் அடைக்கவில்லை. எங்கள் இரண்டாவது புழு காம்பு வழியாக இறங்கித் தண்ணீரில் மூழ்கிவிட்டது. புழுவை வைக்க, பாட்டிலுக்குப் பதிலாக, மேலே வலைத்துணி கட்டிய அகலமான டப்பா நல்லது. தினமும் எச்சத்தைக் கொட்டிச் சுத்தம் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் பூஞ்சை வந்துவிடும். எச்சம் கொட்டும் வேலையை மகளிடம் கொடுத்தேன், சின்னச் சின்ன உருண்டைகள்தான், முகம் சுளிக்காமல் செய்தாள். புழு வளர வளர உருண்டையும் பெரிதாவதை அவள்தான் கண்டுபிடித்துச் சொன்னாள்.

இரண்டு வாரத்துக்குள் எலுமிச்சைப் புழு தின்பதை நிறுத்திவிட்டு டப்பாவுக்குள் அங்குமிங்கும் அலையும். நோய் என்று பயந்துவிடாதீர்கள். இடம் தேடுகிறது. ஒரு குச்சி வைத்துக் கொடுத்தால் அதில் வாலை ஒட்டிக்கொண்டு, இடுப்பைச் சுற்றி ஒரு பட்டு நூலைக் கட்டிக்கொண்டு சாய்ந்து நிற்கும். மறுநாள் பார்த்தால் தோலைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கூட்டுப்புழு ஆகியிருக்கும்.

இந்த நேரத்தில்தான் என் மகள் அந்தக் கேள்வியைக் கேட்டாள். "உள்ள போன புழு செத்துப்போச்சா? வெளிய வர்றது வேற ஆளா?"

சட்டென்று பதில் வரவில்லை. உள்ளே நடப்பது சாதாரண விஷயம் இல்லை. புழுவின் உடலில் பெரும்பகுதி கரைந்து, அதற்குள் முன்பே சிறு திட்டுகளாகக் காத்திருந்த உயிரணுக் கூட்டங்கள் இறக்கையாகவும் காலாகவும் வளர்கின்றன. அப்படியென்றால் பழைய ஆளா, புது ஆளா? இதை ஆராய்ச்சியாளர்களும் கேட்டிருக்கிறார்கள். 2008-ல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், ஓர் அந்துப்பூச்சி இனத்தின் புழுக்களுக்கு ஒரு குறிப்பிட்ட வாசனை வரும்போதெல்லாம் லேசாக மின்னதிர்ச்சி கொடுத்து அதை வெறுக்கப் பழக்கினார்கள். கடைசிப் பருவத்தில் பழக்கப்பட்ட புழுக்கள் பூச்சியாக வெளியே வந்த பிறகும் பெரும்பாலும் அந்த வாசனையைத் தவிர்த்தன. மின்னதிர்ச்சி பற்றிச் சொல்லாமல், "புழுவா இருந்தப்போ பிடிக்காத வாசனை பூச்சியானப்புறமும் அதுக்குப் பிடிக்கல" என்று மட்டும் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்போ என்னை ஞாபகம் வச்சிருக்கும்" என்றாள். அதற்கு நான் மறுப்பு சொல்லவில்லை.

வெளியே வருவதை இரண்டாவது முறைதான் முழுதாகப் பார்த்தோம். முதல் முறை என்ன ஆனது என்று கடைசியில் சொல்கிறேன். வெளியே வருவதற்கு முந்தின நாளே கூட்டின் தோல் கண்ணாடி மாதிரி ஆகி, உள்ளே இறக்கையின் நிறம் தெரியும். வெளியே வரும்போது கசங்கிய காகிதம் போல இருக்கும். மேலே ஏறித் தொங்கிக்கொண்டு, உடலில் இருக்கும் திரவத்தை இறக்கை நரம்புகளுக்குள் செலுத்திச் செலுத்தி விரிக்கும். தொங்க இடம் இல்லாவிட்டால் இறக்கை கோணலாகவே காய்ந்துவிடும், அதற்குத்தான் அந்தக் குச்சி. உறிஞ்சுகுழல் இரண்டு பாதியாக வெளியே வரும், சுருட்டிச் சுருட்டி நீட்டி அதை ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளும். பிறகு வயிற்றிலிருந்து சில சொட்டுத் திரவம் விழும், சில இனங்களில் ரத்தச் சிவப்பில் இருக்கும். குழந்தை கலங்கிவிடும், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கூட்டுப்புழுவாக இருந்தபோது சேர்ந்த கழிவுதான் அது.

ஒரு கூட்டிலிருந்து பட்டாம்பூச்சிக்குப் பதிலாகக் குட்டிக் குளவிகள் வந்தன. ஊசித்துளை அளவில் ஓர் ஓட்டை, அதிலிருந்து எறும்பைவிடச் சிறிய பூச்சிகள் ஒவ்வொன்றாக, இருபதுக்கு மேல். தாய்க்குளவி கூட்டுப்புழுவைத் துளைத்து உள்ளே முட்டையிட்டுவிடும், குஞ்சுகள் உள்ளிருந்தே தின்று வளரும். மறைத்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. மறைக்கவில்லை. அழுதாள். பிறகு குளவிகளை எண்ண ஆரம்பித்தாள். பட்டாம்பூச்சியை அழகுப் பொருளாக மட்டும் காட்டினால் இதெல்லாம் பாடத்துக்கு வெளியே போய்விடும், அது எனக்குச் சரியாகப் படவில்லை.

சரி, அந்துப்பூச்சிக்கு வருவோம். உங்கள் மகன் அலறுவதில் அவன் தப்பு எதுவும் இல்லை. பெயரே அப்படி அமைந்துவிட்டது. சேமித்த தானியத்தில் விழும் அந்துவின் பெயரை ஒரு பெருங்கூட்டத்துக்கே வைத்துவிட்டோம். நம் வழக்கில் இன்னொரு பெயரான விட்டிலுக்கும் விளக்கில் விழுந்து சாவதைத் தவிர வேறு வேலை கிடையாது. உண்மையில் இந்தக் குடும்பத்தில் இவர்கள்தான் பெரும்பான்மை: பெயர் சூட்டப்பட்ட இனங்களில் பட்டாம்பூச்சிகள் ஏறக்குறைய 18,000, அந்துப்பூச்சிகள் சுமார் 1,60,000. கம்பளியை அரிப்பவை அவற்றில் மிகச் சிலவே. அதுவும் அரிப்பது புழுதான், பறக்கும் பூச்சி அல்ல. சின்ன வயதில் என்னிடம், அந்துப்பூச்சியின் இறக்கைத் தூள் கண்ணில் பட்டால் கண் போய்விடும் என்று பயமுறுத்தியிருந்தார்கள். அந்தத் தூள் இறக்கையின் செதில்கள், வீட்டுக் கூரை ஓடு போல அடுக்கி வைத்தவை. பட்டாம்பூச்சியின் நிறமும் அதே தூள்தான். பொதுவாக அதில் விஷம் எதுவும் இல்லை. கண்ணில் எந்தத் தூசி விழுந்தாலும் உறுத்தும், அவ்வளவே. ஆனால் உதிர்ந்த செதில் மறுபடி முளைக்காது என்பதால் இறக்கையைப் பிடிக்காமல் இருப்பது அதற்கு நல்லது.

பயத்தைப் போக்க நாங்கள் செய்தது ஒரு வெள்ளைத் துணியும் ஒரு விளக்கும். நிலா இல்லாத, காற்றில்லாத, வெக்கையான இரவில் துணியைக் கட்டித் தொங்கவிட்டு எதிரே விளக்கை வைத்தோம். மகளை அருகே இழுக்கவில்லை. தூரத்தில் நாற்காலி போட்டு, கையில் டார்ச்சைக் கொடுத்து, எது வந்தாலும் அறிவிக்க வேண்டியது உன் வேலை என்றேன். பதவி கிடைத்தால் பயம் பாதி குறைந்துவிடும், பெரியவர்களுக்கும் இது பொருந்தும் என்று நினைக்கிறேன். அரை மணி நேரத்தில் நாற்காலி இரண்டு அடி முன்னே வந்திருந்தது. முகத்துக்கு நேரே பறப்பதுதான் குழந்தைகளுக்குப் பயம், துணியில் உட்கார்ந்துவிட்ட பூச்சி அசையாது. அருகே போனால் பறவையிறகு மாதிரி உணர்கொம்பு, உடம்பெல்லாம் ரோமம். "குட்டி ஆந்தை" என்று ஒன்றுக்குப் பெயர் வைத்தாள். அதன் உண்மைப் பெயரைத் தேடிச் சொல்ல எனக்கு நாக்கு துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டேன். ஒரு மணி நேரத்துக்குமேல் விளக்கை எரியவிடாதீர்கள், அணைத்துவிட்டுத் துணியை மெல்ல உதறிவிடுங்கள். அப்படியே விட்டால் காலையில் பறவைகளுக்கு விருந்து.

விளக்குக்கு ஏன் வருகின்றன என்று நிச்சயம் கேட்பான். வேகமாகப் படம்பிடிக்கும் கேமராக்களை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2024-ல் வந்தது. இரவில் வானம் தரையைவிடக் கொஞ்சம் வெளிச்சமாக இருக்கும். அதனால் பூச்சிகள் வெளிச்சம் இருக்கும் பக்கமே மேல் என்று எடுத்துக்கொண்டு முதுகை அதற்குக் காட்டிப் பறக்கின்றன. பக்கத்தில் ஒரு விளக்கு இருந்தால் அதற்கு முதுகைத் திருப்பித் திருப்பி அதையே சுற்றிச் சுற்றி மாட்டிக்கொள்கின்றன. விட்டிலுக்கு விளக்கின் மேல் காதல் என்பதெல்லாம் நாம் கட்டிய கதை. இதை மகளும் நானும் நடித்தே பார்த்தோம், மேசை விளக்குக்கு முதுகைக் காட்டியபடி நடந்து நாற்காலியில் இடித்துக்கொண்டது நான்தான்.

இரண்டுக்கும் வித்தியாசம் கேட்டால் உணர்கொம்பைப் பார்க்கச் சொல்லுங்கள். பட்டாம்பூச்சிக்கு நுனியில் தீக்குச்சித் தலை மாதிரி குமிழ் இருக்கும், அந்துப்பூச்சிக்குப் பெரும்பாலும் இருக்காது. பகல், இரவு, நிறம், மங்கல் என்று பிரித்தால் மாட்டிக்கொள்வீர்கள், பகலில் பறக்கும் பளபளப்பான அந்துப்பூச்சிகள் நிறைய.

கதை கேட்கும் குழந்தையாக இருந்தால் பிரெஞ்சுக்காரர் ஃபாப்ரே வீட்டில் நடந்ததைச் சொல்லுங்கள். 19-ஆம் நூற்றாண்டில் பூச்சிகளைப் பார்ப்பதையே வாழ்க்கையாக வைத்திருந்தவர். ஒரு காலையில் அவர் வீட்டில் பெரிய அந்துப்பூச்சி இனத்தின் பெண் ஒன்று கூட்டிலிருந்து வந்தது, அதைக் கம்பிவலைக் கூண்டில் மூடி வைத்தார். அன்றிரவு அவருடைய சின்ன மகன் கத்திக் கூப்பிட, ஓடிப்போனால் வீடு முழுக்க ஆண் பூச்சிகள், நாற்பது போல. இருட்டில், எங்கிருந்தோ, அந்த ஒரு பெண்ணைத் தேடி வந்தவை. அந்த இறகு உணர்கொம்பு எதற்கு என்று இந்தக் கதைக்குப் பிறகு தனியாக விளக்க வேண்டியதில்லை, வாசனை பிடிக்க.

எங்கள் வீட்டில் விதி ஒன்றே ஒன்றுதான்: ரோமம் அல்லது முள் உள்ள புழுவைத் தொடக்கூடாது. கம்பளிப்பூச்சி பட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். மற்றதையும் விரலால் பிடிக்காமல் இலையோடு நகர்த்தினால் போதும். வாலில் கொம்பு உள்ள கொழுத்த புழு கிடைத்தால் டப்பாவில் இரண்டு மூன்று அங்குலம் ஈரமண் போடுங்கள், அந்த வகை பெரும்பாலும் மண்ணுக்குள் போய்த்தான் கூட்டுப்புழு ஆகும்.

அப்புறம், நான் சொன்ன அந்த முதல் முறை. கூட்டின் தோல் கண்ணாடி மாதிரி ஆகி நிறம் தெரிந்தால் மறுநாள் காலை சீக்கிரம் எழுந்து பக்கத்தில் உட்கார்ந்துவிடுங்கள், பல இனங்கள் காலையில்தான் வெளியே வரும். ஒன்பது நாள் காத்திருந்தோம். பட்டாம்பூச்சி வெளியே வந்தபோது நானும் மகளும் பல் துலக்கிக்கொண்டிருந்தோம்.