கேள்வி – பதில்

கேள்வி: அமெரிக்காவில் 'மெரி கிறிஸ்மஸ்' சொல்வதா, 'ஹேப்பி ஹாலிடேஸ்' சொல்வதா என்று சண்டையாமே?
– வாசகி, பாளையங்கோட்டை

பதில்: வருஷா வருஷம் நடக்கிற கூத்துதான். 2015-இல் ஸ்டார்பக்ஸ் தன் கிறிஸ்மஸ் காலக் காபிக் கோப்பையில் பனித்துகள், கலைமான் எதுவும் வரையாமல் வெறும் சிவப்பாக விட்டதற்கே சிலர் கொதித்தார்கள். கிறிஸ்மஸைக் கடைக்காரர்கள் ஒழிக்கிறார்களாம்! நிஜமாகவே தடை போட்டவர்கள் யார் தெரியுமா? பியூரிட்டன் என்ற கண்டிப்பான புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவர்கள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில் 1659 முதல் 1681 வரை, கிறிஸ்மஸ் கொண்டாடினால் ஐந்து ஷில்லிங் அபராதம். அமெரிக்க மத்திய அரசு கிறிஸ்மஸை விடுமுறையாக்கியதே 1870-இல்தான். எதிரே நிற்பவர் யூதரா, இந்துவா என்று கல்லாவில் இருப்பவருக்கு எப்படித் தெரியும்? பொதுவாக 'ஹேப்பி ஹாலிடேஸ்' என்று சொல்கிறார், சொல்லட்டுமே. நியூஜெர்சியில் இருக்கும் என் தங்கை மகள், யார் எதைச் சொன்னாலும் 'தேங்க்யூ' என்று வாங்கிக்கொள்கிறாள். அவள் கவலையெல்லாம் தள்ளுபடி முடியும் தேதி பற்றித்தான்.