ஆய்வேடு தோட்டக்காரரைச் சென்றடைய

கேள்வி: யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கிணற்று நீரிலுள்ள நைத்திரேற்று (உரத்தாலும் கழிவாலும் நீரில் சேரும் நைதரசன் சேர்வை) பற்றி முதுமாணி ஆய்வேடு எழுதியுள்ளேன். அதைத் தோட்டக்காரர்களும் விளங்கிக்கொள்ளும்படி எழுதுவது எப்படி?
– வாசகர் ஒருவர், கோப்பாய்

பதில்: ஆய்வேட்டின் ஒழுங்கைத் தலைகீழாக்குங்கள். முறையியல் பரீட்சகருக்கு வேண்டியது. தோட்டக்காரர் முதலில் கேட்பது, தம் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கலாமா என்பதே. எனவே, உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வகுத்துள்ள எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று என்பதையும், அதனை மீறிய நீரில் பால்மாக் கரைத்துக் கொடுத்தால் கைக்குழந்தையின் குருதி ஒட்சிசனைக் கொண்டுசெல்லும் ஆற்றல் குறையக்கூடும் என்பதையும், கொதிக்க வைப்பதால் நைத்திரேற்று நீங்காது என்பதையும் முதற்பந்தியிலேயே சொல்லிவிடுங்கள். அலகில் மிகுந்த கவனம் வேண்டும். சில ஆய்வுகூடங்கள் நைத்திரேற்றிலுள்ள நைதரசனை மட்டும் கணக்கிட்டு அறிக்கை தருகின்றன. அந்த முறையில் எல்லை லீற்றருக்கு ஏறத்தாழ 11 மில்லிகிராம் ஆகிவிடும். இதை விளக்காவிட்டால், அறிக்கையில் 20 என்று கண்டவர் நிம்மதியாகக் குடித்துக்கொண்டிருப்பார்.

குடாநாட்டு நிலத்தின் கீழுள்ள சுண்ணக்கற் படையின் வெடிப்புகள் வழியே உரமும் மலசலகூடக் குழிக் கழிவும் விரைந்து நிலத்தடி நீரை அடைவதை ஒரு குறுக்குவெட்டுப் படத்தால் காட்டலாம். தோட்டக்காரரை மட்டும் குற்றவாளியாக்கும் தொனி வேண்டாம்; அவரே உங்கள் வாசகர். மாதிரி எடுத்தது மாரியிலா கோடையிலா என்பதைக் குறிப்பிடுங்கள். கிணற்று உரிமையாளரின் பெயரை வெளியிடாதீர்கள். தமிழில் இயலுமா என்ற தயக்கமும் தேவையில்லை. 1847இல் யாழ்ப்பாணம் வந்த மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் மேலைநாட்டு மருத்துவத்தையே தமிழில் கற்பித்தவர். அச்சுக்குக் கொடுக்குமுன் ஒரு விவசாயியிடம் வாசிக்கக் கொடுத்து, அவர் தடுமாறி நிற்கும் இடங்களைத் திருத்துங்கள்.