போஸ்ட்கிரெஸுக்குள் பைத்தான்: கேள்வி பதில்

கேள்வி: அக்கா, டேட்டாபேஸ் சர்வருக்குள்ளேயே பைத்தான் ஓடும்னு சொல்றாங்களே, நிஜமா?

பதில்: நிஜம்தான் தம்பி. போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸில் பிஎல்/பைத்தான் என்ற இணைப்பைச் சேர்த்துவிட்டால், ஃபங்ஷனைப் பைத்தானில் எழுதி செலக்ட் குவெரியிலேயே கூப்பிடலாம். புது யோசனையும் இல்லை. ஆரக்கிள் டேட்டாபேஸின் 8i பதிப்பு 1999-லேயே ஜாவாவை உள்ளே கொண்டுவந்தது. எஸ்கியூஎல் சர்வர் 2005-இல் டாட்நெட் வந்தது.

கேள்வி: பிஎல்/பைத்தானைச் சேர்க்கும்போது 'பிஎல்பைத்தான்3யூ'ன்னு பேர் வருதே, கடைசியில அந்த 'யூ' எதுக்கு மேடம்? டேட்டாபேஸைப் பார்த்துக்கிற எங்க டிபிஏ அனுமதியே தரமாட்டேங்கிறார்.

பதில்: அவர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. 'அன்ட்ரஸ்டட்' (கட்டுப்பாடு இல்லாதது, நம்பி விட முடியாதது) என்பதைத்தான் அந்த எழுத்து குறிக்கிறது. ஃபங்ஷன், சர்வர் எந்த ஓஎஸ் யூசராக ஓடுகிறதோ அதே உரிமையோடு ஓடும். டேட்டா டைரக்டரியையே அழிக்க முடியும். அதனால் எல்லா உரிமையும் உள்ள சூப்பர்யூசர் மட்டுமே உருவாக்கலாம். ஆனால் உருவாக்கிய பிறகு, தனியாகத் தடுக்காவிட்டால் யார் வேண்டுமானாலும் கூப்பிடலாம். பப்ளிக்கிடமிருந்து, அதாவது எல்லோரிடமிருந்தும், எக்ஸிக்யூட் (கூப்பிடும்) உரிமையை ரிவோக் செய்ய (திரும்பப் பெற) மறக்காதீர்கள்.

கேள்வி: அக்கா, ஆர்டர் விழுந்ததும் தானா ஓடுற ட்ரிக்கர்லயே எஸ்எம்எஸ் அனுப்பிடலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். முன்பு வேலை பார்த்த இடத்தில் ஸ்டாக் டேபிளின் ட்ரிக்கரிலிருந்து வெளிச் சேவை ஒன்றைக் கூப்பிட்டேன், டைம்அவுட் வைக்காமல். ஒரு மதியம் எதிர்முனை பதிலே தரவில்லை. ட்ரான்ஸாக்ஷன் முடியாமல் திறந்தே நின்றது. அந்த ரோவை வேறு யாரும் மாற்றாதபடி பிடித்திருந்த லாக் விடவில்லை. அதே பொருளுக்கான பில்கள் எல்லாம் பின்னால் வரிசை கட்டின. கேன்சல் கொடுத்தேன், அசையவில்லை. பைத்தான் கோடு போஸ்ட்கிரெஸிடம் திரும்பி வந்தால்தான் கேன்சல் கண்ணில் படும். பதற்றத்தில் ப்ராசஸை வலுக்கட்டாயமாகக் கொல்லும் கில் -9 அடித்தேன். ஒரு ப்ராசஸ் அப்படிச் செத்தால் எல்லா ப்ராசஸும் பகிரும் ஷேர்டு மெமரி கெட்டிருக்கலாம் என்று எல்லா கனெக்ஷனையும் அறுத்துவிட்டு சர்வர் மீண்டு வரும். அன்று எல்லா கவுன்ட்டரும் நின்றது.

இன்னொன்று: ட்ரான்ஸாக்ஷன் ரோல்பேக் (ரத்து) ஆனால் ஆர்டர் போய்விடும், அனுப்பிய எஸ்எம்எஸ் திரும்பாது. ட்ரிக்கரில் ஒரு டேபிளில் வரி எழுதி நோட்டிஃபை என்ற அறிவிப்பை மட்டும் கொடு. ட்ரான்ஸாக்ஷன் கமிட் (உறுதி) ஆனால்தான் அது போகும். வெளியே ஓடும் வொர்க்கர் ப்ரோகிராம் ஒன்று அதைக் கேட்டு எஸ்எம்எஸ் அனுப்பட்டும்.

கேள்வி: அப்போ எதுக்குத்தான் பயன்படுத்தணும்?

பதில்: கணக்கு கனமாக இருந்து, டேட்டாவை வெளியே இழுப்பதுதான் செலவு என்றால். தாறுமாறான முகவரிகளைப் பிரித்து ஒழுங்குபடுத்துவதை உள்ளேயே செய்தால் லட்சக்கணக்கான ரோக்கள் நெட்வொர்க்கில் ஏறி இறங்க வேண்டாம். எஸ்கியூஎல்லிலேயே முடிகிற கூட்டல் கழித்தலுக்குப் பைத்தான் வேண்டாம். பைத்தான் ஃபங்ஷனுக்குள்ளிருந்து பெரிய டேபிளைப் படிக்க பிஎல்பை.எக்ஸிக்யூட் கூடாது, அது மொத்தத்தையும் மெமரியில் ஏற்றும், பிஎல்பை.கர்சர் கொஞ்சம் கொஞ்சமாகத் தரும்.

கேள்வி: எம்எல் (மெஷின் லேர்னிங்) மாடலை ஒரு தடவை மட்டும் லோட் பண்ண வழி இருக்கா?

பதில்: பிஎல்/பைத்தான் தரும் எஸ்டி என்ற டிக்‌ஷனரியில் வைத்தால் அந்த செஷன் (கனெக்ஷன்) முடியும்வரை இருக்கும். கனெக்ஷனுக்கு ஒரு ப்ராசஸ் என்பதால் 50 கனெக்ஷன் கூப்பிட்டால் மாடல் 50 தடவை மெமரியில் ஏறும். முதலில் ரேமைக் கணக்குப் போட்டுப் பார்.