ஓய்வுபெற்ற போஸ்ட் மாஸ்டரிடம் கேளுங்கள்: நோட்டீஸ் அனுப்புவது எப்படி?

கே: பதிவுத் தபாலை எடுத்துவிட்டார்களாமே? அட்வான்ஸைத் திருப்பித் தராத வீட்டுக்காரருக்கு எப்படி அனுப்புவது?

ப: எடுக்கவில்லை, 2025இல் ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள். கவுண்டரில் "ஸ்பீடு போஸ்ட், பதிவு வசதி, ஒப்புகை" என்று மூன்றையும் வாய்விட்டுக் கேளுங்கள். 2025 அக்டோபர் 1 கட்டணப்படி 50 கிராம் வரை உள்ளூருக்கு 19 ரூபாய், வெளியூருக்கு 47. பதிவு வசதி கேட்டால் அதற்குக் கூடுதலாக 5 ரூபாய். எல்லாவற்றுக்கும் ஜிஎஸ்டி தனி. பதிவு கேட்டால்தான் பெயருக்கு உரியவரிடமோ அவர் அதிகாரம் கொடுத்தவரிடமோ கொடுப்பார்கள். இல்லையென்றால் வீட்டில் யார் கை நீட்டினாலும் போய்விடும்.

ரசீதை அன்றைக்கே ஜெராக்ஸ் எடுங்கள். அந்தத் தாளில் எழுத்து நிற்காது. வழக்கு வருவதற்குள் வெள்ளைத் தாள்தான் மிஞ்சும்.

கே: டிராக்கிங் எண் எது?

ப: ரசீதில் 13 இடம் கொண்ட எண் இருக்கும். முன்னால் இரண்டு எழுத்து, நடுவில் ஒன்பது இலக்கம், கடைசியில் ஐஎன் (IN). அதுவும் அழியும், ஜெராக்ஸ்.

கே: எனக்குச் செக் பவுன்ஸ் நோட்டீஸ் வந்திருக்கிறது. வாங்காமல் திருப்பிவிட்டால் கேஸ் நிற்காது என்கிறார் மாமா.

ப: மாமாவை நம்பிப் பணத்தை இழக்காதீர்கள். 1897ஆம் ஆண்டுப் பொது விதிகள் சட்டம், 27ஆம் பிரிவு: சரியான முகவரி, உரிய கட்டணம், பதிவுத் தபால் என்ற மூன்றும் இருந்தால், மாறாக நிரூபிக்கும் வரை கடிதம் சேர்ந்ததாகவே கொள்ளப்படும். 'வாங்க மறுத்தார்' என்று போஸ்ட்மேன் எழுதுவது அனுப்பியவருக்குத்தான் சாதகம்.

கே: மாமா கேட்கச் சொன்னார்: 'கதவு பூட்டியிருந்தது' என்று எழுதவைத்தால்?

ப: மாமா விடமாட்டார் போல. நானே எத்தனை உறையில் அப்படி எழுதியிருக்கிறேன்! அறிவிப்புச் சீட்டு வைத்துவிட்டு ஏழு நாள் வைத்திருப்போம், அப்புறம் திருப்புவோம். அதனால் தப்பலாம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். 2007இல் அலவி ஹாஜி என்பவரின் செக் பவுன்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்குப் பதில் சொல்லிவிட்டது. நோட்டீஸே வரவில்லை என்பவர், கோர்ட் சம்மன் கிடைத்த 15 நாளுக்குள் செக் பணத்தைக் கட்டலாம். கட்டாதவர் நோட்டீஸ் வரவில்லை என்று பேச முடியாது.

கே: அப்படியென்றால் போஸ்ட்மேன் பொய் எழுதினால்? நான் அன்று முழுக்க வீட்டில்தான் இருந்தேன்.

ப: நியாயமான கேள்வி. மறுத்து நிரூபிக்க இடமுண்டு, பாரம் உங்கள் மேல். தபால்காரர்களில் சோம்பேறிகளும் உண்டு. மாமாவுக்கு இது உதவாது.

கே: உறையில் வெறும் தாளை வைத்து அனுப்பிவிட்டு நோட்டீஸ் என்கிறார்களே?

ப: ரசீது உறை போனதற்குச் சாட்சி, உள்ளே இருந்ததற்கு அல்ல. பழைய ஆட்கள் உறையில்லாமல் கடிதத்தையே மடித்து ஒட்டி, வெளிப்பக்கம் முகவரி எழுதுவார்கள். பிரிக்கும்போது கடிதமும் முகவரியும் ஒரே தாள். வெற்றுத்தாள் என்று யார் சொல்வது?

கே: கூரியரில் அனுப்பலாமா?

ப: 27ஆம் பிரிவு தபாலைத்தான் பேசுகிறது. தபாலிலேயே அனுப்புங்கள்.

கே: செக் திரும்பி 40 நாள் ஆகிறது. இனி நோட்டீஸ் அனுப்பலாமா?

ப: வங்கி தகவல் கொடுத்த நாளிலிருந்து 30 நாள்தான். வக்கீலைப் பாருங்கள்.

கே: ரசீது மங்கிவிட்டது...

ப: மேலே படியுங்கள்.